மெழுகைத் துடைத்த கை

உமாமகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை அதன் மரக்கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். திறந்தபோது குழல் நுனியின் குறிமுள் நேர் நடுவில் நின்றது. துப்பாக்கிச் சுடும் கிளப்பின் மற்ற நான்கு துப்பாக்கிகளிலும் அப்படி நிற்கவில்லை.

"அது காட்டுல மான் சுடறவங்க வெச்சிருக்கறதுலா அக்கா, இங்க எங்க மான்?" என்று சிரித்தார் கிளப்பின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் காதர். சிரித்துவிட்டுப் போகட்டும். சிங்கப்பூரின் ஈசூனில் தினமும் பஸ் ஓட்டுகிறவளுக்கு எது தன் உடம்புக்குப் பொருந்தும் என்று தெரியாதா?

குறை ஒன்றுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலின் இரும்பு மரக்கட்டைக்குள் மயிரிழை அசைந்தது. குண்டுகள் குறித்தாளில் ஆளுக்கொரு பக்கம் போயின. ஞாயிறன்று கிளப் அணியின் கடைசி இடத்துக்குத் தேர்வு. ஆறு வருட ஆசை. இரும்பு அசையாமல் உட்கார வேண்டுமென்றால் கட்டைக்குள் ரெசின் என்ற இறுகும் பசையை ஊற்றி மெத்தை போடவேண்டும். அவள் கணவர் கதிரேசனோ கப்பல் பட்டறையில் எஞ்சின்களுக்கு அடியில் ரெசின் ஊற்றியே இருபத்தேழு வருடம் ஓட்டியவர். இத்தனை நாளும் கிளப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், "நானே வந்து ஊத்தித் தர்றேன்" என்றபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் கிளப்பிலேயே வேலை நடந்தது. இரும்பில் ரெசின் ஒட்டிக்கொள்ளாமலிருக்க உமா மெழுகு பூசி வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். திரும்பி வருவதற்குள் அவர் ரெசினை ஊற்றி இரும்பை இறக்கி, திருகாணியும் போட்டுவிட்டார். வெளியே மழை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தோளில் சாய்ந்து அவள் கண்ணயர்ந்தாள். கனவில், ஈசூன் அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே, காயப்போட்ட துணிகளுக்குக் கீழே ஒரு மான் நனைந்தபடி நடந்துபோனது. லிஃப்ட் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது.

சனிக்கிழமை திருகாணியைக் கழற்றினார்கள். இரும்பு கட்டையைவிட்டு வரவில்லை.

"நான் தின்னர் போட்டு நல்லா தொடைச்சுட்டுத்தானே எறக்குனேன்" என்றார் கதிரேசன் பெருமையோடு. "ஒரே பிசுக்கா இருந்துச்சு. பிசுக்கு இருந்தா ரெசின் புடிக்காதுல்ல..." பாதியில் அவருக்கே புரிந்து முகம் வெளுத்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" உமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சூடு காட்டினா விடும். ஆனா கட்டை வெடிச்சாலும் வெடிக்கும். இப்படியே விட்டா இனிமே பிரிக்கவே முடியாது" என்றார் அப்துல் காதர்.

கதிரேசன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வீட்டுக்குப் போனால் இந்த மனிதர் மறுபடி இங்கே வரவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. துப்பாக்கி போனதைவிட அது வலித்தது.

"பிரிக்க வேணாம். ஏங்க, குண்டு எங்க பட்டுச்சுன்னு அந்த டெலஸ்கோப்ல உக்காந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

மூன்று முறை சுட்டாள். ஒட்டிப்போன இரும்பு இப்போது மயிரிழையும் அசையவில்லை. கட்டை அவள் கன்னத்தோடு சேர்ந்தே மூச்சுவிட்டது போலிருந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். "உமா... ஒரு ஓட்டைதான் இருக்கு. மத்த ரெண்டும் எங்க போச்சுன்னே தெரியல."

அப்துல் காதர் குனிந்து பார்த்தார். ஓரம் மட்டும் சற்றே அகன்ற ஒற்றை ஓட்டை. மூன்று குண்டுகளும் அதன் வழியாகவே போயிருந்தன. அவர் வாயைத் திறக்கப் போனார். உமா வேண்டாமென்று விரலை அசைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கதிரேசன் தேடட்டும். கட்டையிலிருந்து அவள் கன்னத்தை எடுக்கவில்லை. தாளுக்கு அப்பால், ஈரப் புல்லில், கனவில் வந்த அந்த மான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.