செவலை கவ்வி வந்த சொல்

மூத்தவர் என்றோ சொல்லிவிட்ட ஒரு வாக்கியத்தை, அவர் வளர்த்த செவலை என்ற ஸ்பானியல் நாய் ஒரு திங்கட்கிழமை காலை ஏரி நாணலுக்குள்ளிருந்து கவ்விக்கொண்டு வந்தது. வேட்டையில் சுட்டு விழுந்த வாத்தை எடுக்கப் போன செவலை, வாத்துக்குப் பதில் அதோடு திரும்பியது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், அப்போதுதான் அடிபட்டு விழுந்த பறவையின் கதகதப்பு. நாய் தாடையைச் சற்றுத் தளர்த்தும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து மூத்தவரின் குரல் கேட்டது. உடன் வந்திருந்த மனைவியின் தம்பி முதலில் சிரித்தான். வாக்கியம் முழுதாகக் கேட்டபின் துப்பாக்கியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையும் வேட்டை நாய் வளர்ப்பும் இந்தக் குடும்பத்தின் பரம்பரைத் தொழில். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்காதவர்கள் என்று ஊரில் பெயர். நாய்களின் தாய் வழியையும் தந்தை வழியையும் வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை அந்த வீட்டில் வளர்ந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் மூத்தவரின் உடன்பிறந்த தம்பியான இளையவர் ஒருநாள் கூண்டுக் கதவைத் தாழிட மறந்தார். செவலை தெருநாயோடு சேர்ந்து குட்டி போட்டது. வாங்க வந்தவர்கள் குட்டிகளின் வாலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் எதிரிலேயே மூத்தவர் தம்பியிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னார். அது குட்டிகளின் பிறப்பில் தொடங்கித் தம்பியின் பிறப்பில் முடிந்தது. அடுத்த அறையில் அம்மா இருந்தது அவர் நினைவுக்கு வரவில்லை. இளையவர் கையிலிருந்த அரத்தை வைத்துவிட்டு வெளியேறி, ஊரின் மறுகோடியில் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அன்று முதல் அம்மா மூத்த மகனோடு பேசவில்லை. அவரும் சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. அந்த வழக்கம் குடும்பத்தில் இல்லை.

ஸ்பானியலுக்கு வாய் மெது. முட்டையைக் கவ்வினாலும் ஓடு உடையாது. சுட்டவர் மண்டியிட்டு, தாடைக்குக் கீழே கையேந்தி, கொடு என்றால்தான் வாயைத் திறக்கும், வேறு யாருக்கும் திறக்காது. அப்படிப் பழக்கியவர் மூத்தவரே. இப்போது அவர் குனியவில்லை. செவலை அவர் பின்னால் நடந்தது. பட்டறைக்குப் போனால் பட்டறைக்கு, முடி வெட்டிக்கொள்ளப் போனால் அங்கே. போகிற இடமெல்லாம் அவர் குரல் துளித்துளியாகச் சிந்தியது. வீட்டுக்கும் அந்த நடை தொற்றிக்கொண்டது. மனைவி நடந்துகொண்டே காய் நறுக்கினாள். துப்பாக்கி கொண்டுவந்தவர்கள் உட்காராமல் உலாத்தினார்கள். ஸ்டூல்கள் வைத்த இடத்தில் இருக்கவில்லை. மேசை மீதிருந்த திருகாணிகள் விளிம்புவரை உருண்டுபோய்த் திரும்பி வந்தன. வாய் நிறைந்திருந்ததால் செவலையால் சாப்பிட முடியவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் வந்து, பல் நன்றாக இருக்கிறது, வாயில் இருப்பதை உரியவர் வாங்கிக்கொண்டால் நாய் பிழைக்கும், இல்லாவிட்டால் இந்த வாரம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைத்துனன்தான் பேச்சை எடுத்தான். "நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாதும்பாங்க மாமா. உங்க நாய் அதையும் அள்ளிட்டு வந்து நிக்குது. நீங்க என்னடான்னா கை நீட்ட மாட்டேங்கறீங்க."

"நம்ம குடும்பத்துல சொன்னதைத் திரும்ப வாங்கினவன் கிடையாது," என்றார் மூத்தவர். "என்னால குடும்ப மானம் போகக் கூடாது."

உள்ளேயிருந்து அம்மா வந்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் நாயைப் பார்த்தே பேசினார்.

"மானம் மானம்னு எங்கேடா தேடற? அது இதோட வாயிலதான் இருக்கு. போய் வாங்கு."

பட்டறையில் வாடிக்கையாளர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே மூத்தவர் மண்டியிட்டார். அவருடைய முழங்கால் சத்தம் கொடுத்தது. கையேந்தி, கொடு என்றார். ஈரமான அந்தச் சொல் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பல் தடம்கூட இல்லை. கீழே வைக்க முடியாத பொருள் அது. எங்கே வைத்தாலும் பேசும். அதனால் சொன்ன வாயிலேயே போட்டு விழுங்கினார். சேற்று வாடை அடித்தது என்று பிறகு சொன்னார். ஸ்டூல்கள் நின்றன. செவலை ஒரு சட்டிப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியது. அதே நேரம் சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த இளையவருக்கு, தான் ஏன் அங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோனது. டியூபைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்து வந்து, அரத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தார். அம்மா இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

அந்த வாக்கியம் இப்போது ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. மூத்தவரின் வயிற்றில் மட்டும் இருக்கிறது. காற்று மாறும் நாட்களில் அது உள்ளே புரளும். அவர் எழுந்து உலாத்திவிட்டு வருவார். மறு வருடம் செவலை மீண்டும் குட்டி போட்டது. வாங்க வந்த தம்பதி தகப்பன் எந்த நாய் என்று கேட்டார்கள். "தாய் செவலை. அது போதும்," என்றார் மூத்தவர். இந்தக் குட்டிகளும் வாத்தோடு சொல்லையும் எடுத்து வருமா என்று, செவலையின் கதையைக் கேள்விப்பட்டிருந்த வாங்க வந்தவரின் மனைவி விசாரித்தாள். வரும், வீட்டில் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள் என்று இளையவர் சொன்னார். தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, ஒரு பெண் குட்டியை வாங்கிப் போனார்கள்.