வெள்ளை வேர்

எண்பத்தேழிலும் எண்பத்தெட்டிலும் கிணற்றடித் தோட்டத்தில் கத்தரி எழும்பவில்லை. முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் பந்தல்குடியில் லாரி ஓட்டப் போவதாகப் பால்ச்சாமி சொன்னார். அவர் மனைவி தங்கம்மாள் ஒரு போகம் தவணை கேட்டாள்.

விவசாய ஆபீசர் அவளிடம் விளக்கியிருந்தார். மண்ணில் நூற்புழு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கத்தரி வேர் அதற்கு வீடும் சோறும். செண்டுப்பூ போட்டால், அந்த வேருக்குள் போகிற புழு பெருகாது. பூத்ததும் மடக்கி உழ வேண்டும்.

போட்டாள். பாலவனத்தம் ஊரே சிரித்தது. பால்ச்சாமியிடம் மாலை கேட்டார்கள். யாருக்கு என்றால், உன் கத்தரிக்குத்தான் என்றார்கள். உழுகிற அன்று உழவுக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். பூத்த பயிரில் அவர் ஏர் இறக்கியதில்லை. தங்கம்மாள் மேழியைப் பிடிக்கப் போனாள். பிறகு இறக்கினார்.

முழுத் தோட்டத்திலும் நடப் பால்ச்சாமி விடவில்லை. முதலில் அங்கங்கே சில நாற்று நட்டுப் பார்ப்பது என்று பேச்சு. வேர் வெள்ளையாக வந்தால் கத்தரி. முடிச்சு வந்தால் லாரி.

ஒரு மாதம் கழித்துப் பிடுங்கினார்கள். களையெடுக்கிற சந்தனம்மாளும் வந்து நின்றாள். நடுவில் நட்டது வெள்ளை. கிழக்கே நட்டது வெள்ளை. வாய்க்கால் ஓரத்தில் நட்ட இரண்டிலும் முடிச்சு.

"நான் லாரிக்கே போறேன்," என்றார் பால்ச்சாமி. துண்டை உதறித் தோளில் போட்டார்.

தங்கம்மாள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டாள். கை ஊன்றிய இடத்தில் ஒரு மணத்தக்காளிச் செடி. கரை நெடுகவே நின்றது. இலையும் பூவும் கத்தரிக்குத் தங்கச்சி மாதிரி. ஒன்றைப் பிடுங்கினாள். வேரில் முடிச்சு கொத்துக்கொத்தாக இருந்தது.

சந்தனம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னயப் பாக்காத மதினி. மணத்தக்காளிய எவளாச்சும் களைன்னு புடுங்குவாளா? அதுவும் அண்ணன் வாய்ப்புண்ணுக்கு வாரம் தவறாம கேக்கையில."

பால்ச்சாமி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"ஒரு போகம் பூராம் நான் புழுவப் பட்டினி போட்டிருக்கேன்," என்றாள் தங்கம்மாள். "நீங்க கரையில விருந்து வச்சிருக்கீக."

சந்தனம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பால்ச்சாமி கரையைப் பார்த்தார். நடுத் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மணத்தக்காளியைப் பிடுங்கத் தொடங்கினார். வேரை வெயிலில் விரித்துப் போட்டார். பழுத்ததை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார். கரையோரப் பாத்திகளில் இன்னொரு முறை செண்டுப்பூ, மற்றதில் கத்தரி என்று தங்கம்மாள் சொல்லிக்கொண்டே போனாள்.

"என் வாய்ப்புண்ணுக்கு இனி என்ன வழி?"

"வெத்தலைய விடுங்க."

மறுநாள் காலை அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினார். பந்தல்குடியில் லாரி முதலாளி காத்திருந்தார். பால்ச்சாமி அதற்கு முன்னாலேயே, பாளையம்பட்டியில் இறங்கிக்கொண்டார். நாற்றுக்காரரிடம் போய்க் கட்டுக்கு ஒன்றை உருவி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்று வாங்க வந்தாரா பெண் பார்க்க வந்தாரா என்று நாற்றுக்காரர் கேட்டார்.

பால்ச்சாமி அடுத்த கட்டை எடுத்தார்.