ஆட்டு ஏப்பத்துக்கு முதலிடம்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பெரிய கணினியைக் கட்டி மேய்ப்பது மெரிடியின் வேலை. யாருடைய கணக்குக்கு எத்தனை பிராசசர், எவ்வளவு நினைவகம், யார் முன்னால், யார் பின்னால் என்று பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் வடை பரிமாறுகிறவனுக்குக்கூட இவ்வளவு வசவு விழாது.

அதிலும் கடல் நீரோட்டப் பேராசிரியர் ஃபெர்கஸ் ஹாடோ இருக்கிறாரே, அவர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ரகம். நினைவகத்தில் பாதியைத் தன் பெயரில் வளைத்துப் போட்டிருந்தார். அன்று காலை லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டே, தாடியெல்லாம் தேங்காய்த் துருவலாக வந்து நின்றார்.

"நாளைக்கு அமைச்சர் வர்றாரு மெரிடி. என் வேலையத் தூக்கி எல்லாத்துக்கும் மேல போடு. அந்த ஆட்டு ஏப்பத்தைக் கீழ தள்ளு."

ஆட்டு ஏப்பம் என்பது ஓடெட் பாஸ்கோவின் ஆராய்ச்சி. ஏப்ப வாயு பூமியைச் சூடாக்குகிறதாம்; கடற்பாசி தின்ற செம்மறிகள் குறைவாக ஏப்பம் விடுகின்றனவா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் நல்ல விடை வராவிட்டால் பண்ணைக்காரர் ஆடுகளை லாரியில் ஏற்றிக் கசாப்புக்கு அனுப்பிவிடுவார். ஓடெட் அவற்றுக்குப் பெயர் வேறு வைத்துத் தொலைத்திருந்தாள்.

"அவ வேலை பாதி ஓடிருச்சு ஃபெர்கஸ். பாவம், ஆட்டு உசிருங்க அது."

"ஏப்பமெல்லாம் ஒரு விஞ்ஞானமா? நானுந்தான் விடறேன்!" என்றவர், விட்டும் காட்டினார்.

மேலிடத்து உத்தரவு அவர் கையில் இருந்தது. மெரிடி பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள். அவர் உச்சியில், ஓடெட் அடிமட்டத்தில். நடுவே பென்குயின் எண்ணுகிறவர்கள், செர்ரித் தோட்டத்துக்காரர்கள் என்று ஒரு பெருங்கூட்டம்.

மத்தியானம் பேராசிரியர் மூச்சிரைக்க வந்தார். "என் வேலை ஆரம்பிக்கவே இல்லியே! பெஞ்சு மேல ஏத்தி விட்ட பையன் மாதிரி சும்மா நிக்குது!"

மெரிடி திரையைப் பார்த்தாள். சிரிப்பை மறைக்க, மேஜைக்கு அடியில் குனிந்து இல்லாத பேனாவைத் தேடினாள்.

"உங்களுக்குக் காத்து வீசற கணக்கு வேணும்ல? ஏப்பம் எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாக்க அந்தக் கோப்பை ஓடெட் தொறந்து வச்சிருக்கா. அவ முடிச்சு மூடினாத்தான் அடுத்த ஆளுக்கு."

"அப்ப சீக்கிரம் முடிக்கச் சொல்லு!"

"எப்படி முடிப்பா? நீங்கதானே கடைசியில தள்ளினீங்க. பென்குயின்காரங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவளை முந்திட்டுப் போறாங்க. ஒரு பிராசசர்கூட அவளுக்குக் கெடைக்கல."

"நிறுத்தித் தொலை அவ வேலைய!"

"நடுவுல நிறுத்தினா கோப்பு கெட்டுப்போகும். சரிபண்ண ஒரு வாரம் ஆகும். அமைச்சருக்கு நீங்க ஏப்பம்தான் விட்டுக் காட்டணும்."

பேராசிரியரின் முகம் தொங்கிப்போயிற்று. "வேற வழி?"

"அவளை உங்க இடத்துக்குத் தூக்கணும். நீங்க புடிச்சு வச்ச மெமரியையும் குடுக்கணும். நீங்களே வாய்விட்டுக் கேளுங்க."

"ஆட்டு ஏப்பத்துக்கு... முதலிடம் கொடு."

"சரியாக் காதுல விழல."

"ஆட்டு ஏப்பத்துக்கு முதலிடம் கொடு, தாயே!"

அந்த வருஷம் முழுக்க மெரிடியின் காதில் அவ்வளவு இனிப்பான பேச்சு விழுந்ததில்லை. உடனே மாற்றினாள்.

ஓடெட் செல்போனும் கையுமாக ஓடி வந்தாள். "லாரி வந்திருச்சுடீ! ஏத்த ஆரம்பிச்சிட்டாங்க!"

மூன்று பேரும் திரைமுன் நின்றார்கள். பேராசிரியர்தான் முஷ்டியை மடக்கிக்கொண்டு குதித்தார். "ஓடு செல்லம், ஓடு! விடு ஏப்பத்தை! விடு!" பென்குயின்காரர்கள் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

முடிந்தது. ஏப்பம் பாதியாகக் குறைந்திருந்தது. ஓடெட் பண்ணைக்காரரைப் போனில் பிடித்து, சேதியைச் சொல்லாமல் அழ ஆரம்பித்தாள். பேராசிரியர் அதைப் பிடுங்கினார்.

"யோவ், ஆடுங்கள இறக்குய்யா! ஒண்ணு குறைஞ்சாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்!"

நீ யாரய்யா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"நானா? ஏப்ப ஆராய்ச்சிப் பேராசிரியர் பேசறேன்!"

ஓடெட் அழுதுகொண்டே சிரித்தாள். திரையில் அவருடைய கடல் கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. மெரிடி அதைச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்யவில்லை.