மெஷின் வாயை மூடிய நாள்

என் அண்ணனும் அண்ணியும் பேச்சை நிறுத்திக்கொண்டால் எனக்குத்தான் வேலை கூடும். பகல் முழுக்க மருந்துக்கடையில் நின்று ஊராருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர்களுக்கு வாயாகவும் இருக்க வேண்டும். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்பாள் அண்ணி, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்க்காமல். "உங்க அண்ணிகிட்ட சொல்லு" என்பான் அண்ணன், அவள் வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டே. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு.

இந்த முறை சண்டையை மூட்டியது ஒரு விசிறி. அது அண்ணனுடைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இனிமேல் கட்டப்போகிற வீடுகளைக் கட்டி முடித்த மாதிரியே படமாக்கிக் கொடுப்பது அவன் தொழில். படம் உருவாகும்போது மெஷின் சூடேறும், விசிறி இரையும். வரவர சும்மா ஆன் செய்து வைத்தாலே இரைய ஆரம்பித்துவிட்டது. எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதென்றால், ஆட்கள் கத்திச் சண்டை போடும் நிகழ்ச்சியாகப் பார்த்துத்தான் போட வேண்டும்.

அண்ணி குரல் பதிவதும் அதே மெஷினில்தான். பள்ளிப் பாடங்களை ஒலிப்பதிவாக விற்கும் ஒரு நிறுவனம் வாசிக்க ஆள் தேடியது. கல்யாணத்துக்கு முன்பு பள்ளியில் பாடம் நடத்தியவள் அண்ணி. ஆசை ஆசையாய் ஒரு பாடத்தை வாசித்து அனுப்பினாள். பதில் வந்தது: குரல் மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் பின்னால் ஏதோ லாரி ஓடிக்கொண்டே இருக்கிறது, லாரி இல்லாமல் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பினால் வேலை உங்களுக்குத்தான். அந்தப் பதிலை அவள் எனக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டினாள் என்று கேட்காதீர்கள்.

அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினாள். அவன் யாருடைய வீட்டுக்கோ ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பாமல், "கொஞ்சம் கத்தி வாசியேன், மெஷின் சத்தம் அமுங்கிடும்" என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வாசிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று வேறு கேட்டு வைத்தான். அண்ணியின் முகம் சுண்டிப்போய்விட்டது. "உங்க குடும்பத்துக்கே இந்தப் புத்திதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் என்ன பாவம் செய்தேன்?

அன்றிலிருந்து நான்தான் தபால். "அந்த மெஷினைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லு" என்றாள் அண்ணி. நான் அண்ணனிடம் போய், "மெஷின் இப்படிச் சூடாகுதே, கெட்டுப்போயிடுமோன்னு அண்ணி கவலைப்படறாங்க" என்றேன். "போட்டுட்டு அப்புறம் எதுல வாசிப்பாளாம்னு கேளு" என்றான் அவன். நான் அண்ணியிடம் போய், "சாப்பிட்டீங்களான்னு அண்ணன் கேக்கறான்" என்றேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கசப்பு மாத்திரைக்கு மேலே சர்க்கரை பூசித்தான் விற்கிறோம், அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

ஆனால் பூச்சு கொஞ்சம் தடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை நெருங்கியது, இவர்களில் ஒருவரும் இறங்கி வருவதாக இல்லை. ஒருநாள் காலையில் அண்ணனிடம், "பேசினது தப்புன்னு அண்ணி மன்னிப்புக் கேட்டாங்க" என்றேன். அண்ணியிடம், "அண்ணன் மன்னிப்புக் கேட்டான், நேர்ல கேக்க வெட்கமா இருக்காம்" என்றேன். இரண்டு பேரும் அவரவர் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். ஜெயித்தவர்களுக்குத் தாராள மனசு வருமே, அது வந்தது. அண்ணன் உடனே மெஷின் சூட்டை இறக்குகிற புதுக் கூலர் ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினான். அண்ணி அதைக் கேள்விப்பட்டு, அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். ஆனால் நேருக்கு நேர் பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. யார் ஆரம்பிப்பது என்பது அடுத்த சிக்கல்.

கூலர் வெள்ளிக்கிழமை மதியம்தான் வந்து சேர்ந்தது. உலோகத் தகடுகளை வரிசையாக அடுக்கி, நடுவே செம்புக் குழாய்களைச் செருகி, பக்கத்தில் பெரிய விசிறி ஒன்றை மாட்டியிருந்தார்கள். "மெஷினோட சும்மா குடுக்கிற விசிறி சின்னது, அதனால தலைதெறிக்கச் சுத்தும். இது பெருசு, மெதுவாச் சுத்தினாலே சூடு இறங்கிடும்" என்று அண்ணன் எனக்கு விளக்கினான். எனக்கு எதற்கு அது? அண்ணி காதில் விழட்டும் என்றுதான்.

மெஷினைத் திறந்தான். உள்ளே இருந்த தூசியை வைத்து ஒரு தலையணை தைக்கலாம். பழைய விசிறியைக் கழற்றி, ப்ராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்துகிற பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புதுப் பசையைப் பட்டாணி அளவுக்கு வைத்தான். கூலரைக் கையில் எடுத்தான். அப்போது அண்ணி என்னிடம், "அதோட அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கு, உரிக்கணும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றாள். "எனக்குத் தெரியும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவசர அவசரமாக அதை உரித்தான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டம் வைத்து, முன்னாலிருந்து திருகாணி போட வேண்டும். பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் சட்டம் நழுவி விழுந்துவிடும். அண்ணன் ஒண்டியாக முயன்றான், விழுந்தது. மறுபடியும் முயன்றான், மறுபடியும் விழுந்தது. "இங்க வந்து பிடி" என்று என்னைக் கூப்பிட்டான். எனக்குத் திடீரென்று கட்டைவிரலில் தாங்க முடியாத வலி வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டரும் ஒட்டிக் காட்டினேன், கைவசம் எப்போதும் இருக்கும்.

அண்ணி பெருமூச்சு விட்டுக்கொண்டே மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். நடுவில் மெஷின், இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றான் அண்ணன், மெஷினைப் பார்த்து.

"இப்போ?" என்றாள் அண்ணி, அதே மெஷினைப் பார்த்து.

"அப்படியே வச்சுக்கோ. ஒரே மூலையை முழுசா முடுக்கக் கூடாது. இது கொஞ்சம், எதிர்மூலை கொஞ்சம்னு மாத்தி மாத்தி முடுக்கணும். இல்லன்னா ஒரு பக்கம் தூக்கிக்கும்." கொஞ்ச நேரம் திருகினான். "கை வலிக்குதா?"

"இல்ல, நீங்க முடுக்குங்க."

நான் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தேன். என் தபால் உத்தியோகம் முடிந்தது என்றே நம்பினேன்.

அண்ணன் பொத்தானை அழுத்தினான். ஒன்றுமே கேட்கவில்லை. ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தான், விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய வீட்டுப் படத்தைக் கொடுத்து உருவாக்கச் சொன்னான், அப்போதும் மூச்சு விடுகிற அளவு சத்தம்தான். கூடத்தில் கடிகாரம் மாட்டியிருப்பது எனக்குத் தெரியும். அது டிக் டிக் என்று சத்தம் போடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணி ஹெட்ஃபோனை மாட்டி, மைக்கைச் சரிசெய்து, பதிவை ஆன் செய்தாள். "எதாவது பேசிப் பாரு" என்றான் அண்ணன்.

"என்ன பேசறது?" என்று சிரித்தாள் அண்ணி. "நீங்க மன்னிப்புக் கேட்டதாலதான் வந்து பிடிச்சேன். இல்லன்னா இந்த மெஷின் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

"நானா? நீதானே முதல்ல கேட்ட?"

"நான் எப்போ கேட்டேன்?"

"நான் மட்டும் எப்போ கேட்டேன்?"

இரண்டு தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. "எனக்குக் கடைக்கு நேரமாச்சு" என்றேன். "வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே" என்றாள் அண்ணி. நான் உளற ஆரம்பித்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன், யாரும் இறங்கி வரலையே, நேரம் போயிட்டிருக்கே என்று என்னென்னவோ சொன்னேன். அண்ணி கேட்கவில்லை. திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் உளறிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கீழே குனிந்து மெஷினின் பக்க மூடியைப் பொருத்த ஆரம்பித்தான். இந்த மனநிலையில் அவள் எங்கே வாசிப்பாள்? மாலை தாண்டினால் அந்த வேலை போய்விடும், என்னால்தான் போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணி பதிவை நிறுத்தி, இரைச்சல் இருக்கிறதா என்று போட்டுக் கேட்டாள். பாதியில் அவள் கை நின்றது. பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள், இன்னொரு தடவையும் கேட்டாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

மெஷின் சத்தம் மருந்துக்குக்கூட இல்லை. இவர்கள் கத்தியதும் நான் உளறியதும் தெளிவாகக் கேட்டன. என் உளறலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது. மூடியைப் பொருத்திக்கொண்டே அண்ணன் தனக்குத்தானே முணுமுணுத்தது, மைக்குக்குப் பக்கத்தில். "நான்தான் கேட்டிருக்கணும். வாசிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு சொன்னது தப்புதான்."

அண்ணி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னது?"

"மெஷின்கிட்ட சொன்னதை. என்கிட்ட சொல்லுங்க."

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடி முழித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பழக்கதோஷம். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அவனைவிட அழகாகவே சொல்லியிருப்பேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

ஆனால் வீடு இப்போது கிடக்கிற அமைதியில் சமையலறைக்கும் எல்லாம் கேட்கும். கேட்க ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது எனக்கு வந்த சேதி இல்லை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

"ஏய், அந்தத் தண்ணியை நிறுத்து! பதிவு பண்ணணும்!"

இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தன. அந்தப் பாடம் மாலைக்குள் போய், வேலை அண்ணிக்கே கிடைத்தது, அதெல்லாம் பிறகு. அப்போதைக்கு எனக்குத் தெரிந்தது, இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள் என்பதுதான். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு குழாயை மூடியதே இல்லை.