பதினைந்து நிமிடம் யாரென்றே தெரியாத நாய்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிராகரிப்புக் கடிதத்திலிருந்து வந்தது. பத்திரிகைகள் எனக்கு அனுப்பும் வகை அல்ல, அவை எனக்குப் பழகிவிட்டன. இது என் அக்காவின் நாய்க்கு வந்தது. அனுப்பியது இன்னொரு நாட்டின் விலங்கு இறக்குமதி அலுவலகம். நாலே வரி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. கோபமும் ஆறவில்லை, கதையும் நகரவில்லை.

வார இதழின் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு வாயெல்லாம் பல். நாய்க் கதை என்றால் வாசகர்கள் விடமாட்டார்களாம். கடைசியில் விமான நிலையத்தில் நாய் ஓடிவந்து அக்காவின் மேல் தாவட்டும், அதையே அரைப் பக்கப் படமாகப் போட்டுவிடலாம் என்றார். கதை வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது. படத்து நாய்க்கு இரண்டு காதும் நிமிர்ந்திருக்கின்றன. எங்கள் நாய்க்கு ஒன்றுதான் நிமிரும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் அப்படியே வைக்கிறேன். என் லட்சணம் தெரியட்டும்.

முதலாவது: "நான்காம் எண் கவுன்ட்டருக்குப் பின்னால் அந்த அதிகாரி கல்லைப் போல உட்கார்ந்திருந்தாள். அவள் உதட்டோரத்தில் ஓர் ஏளனச் சிரிப்பு—"

அடித்துவிட்டேன். பொய். அந்த அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். விதியை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஏளனமாகச் சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

இரண்டாவது: "அந்தக் கால்நடை மருத்துவருக்கு எப்போதும் அவசரம்—"

இது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வாரம் தொடர்கதை ஓட்டுகிறவன்தான் நான். ஆனாலும் இங்கே நிறுத்திவிட்டேன். ஏன் என்று நான்காம் பகுதியில் தெரியும்.

மூன்றாவது: "விசுவாசம் என்பது—"

இதற்கு மேல் ஒரு சொல் எழுதியிருந்தால் என் விரலை நானே ஒடித்திருப்பேன்.

3

இனி நடந்தது.

அக்கா ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவள். ஊசி குத்துவாள், டியூபில் ரத்தம் பிடிப்பாள், லேபிள் ஒட்டுவாள். தனியாக இருக்கிறாயே என்று யாராவது கேட்டால், காலடியில் கிடக்கும் நாயைக் காட்டி, இவன் கணக்கில் வரமாட்டானா என்பாள். நாய்க்கு வக்கீல் என்று பெயர். குட்டியிலிருந்தே வாசலில் யார் வந்தாலும் எதிர்த்து வாதாடிவிட்டு, பிஸ்கட் கண்ட இடத்தில் கட்சி மாறிவிடுவான். அப்போது வயது பதினொன்று.

எட்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அக்காவைக் கூப்பிட்டது. சேர வேண்டிய தேதி பத்து மாதம் தள்ளி. அந்தத் தேதியைத் தாண்டினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அக்கா கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல, நாயைக் கொண்டுவரலாமா என்பதுதான்.

வரலாம் என்றார்கள். எப்படி வரலாம் என்பதற்குப் பதினேழு பக்கம் அனுப்பினார்கள்.

பதினேழையும் சுருக்கினால் இவ்வளவுதான். நாயின் தோளுக்கு நடுவே அரிசி அளவு ஒரு சிப் பதிக்க வேண்டும். அதில் இருக்கும் பதினைந்து இலக்க எண்தான் இனி அந்த நாய். அதற்குப் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து நூற்றெண்பது நாள் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் விமானம்.

(அடைப்புக்குள் ஒன்று: கூண்டுக்கு அளவு எடுக்கச் சொல்லி ஒரு படம் இருந்தது. தரையிலிருந்து காது நுனி வரை உயரம். எந்தக் காது என்று அக்கா போன் போட்டுக் கேட்டாள். மறுமுனையில் யாரோ மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, நிமிர்ந்திருக்கும் காது என்றார்களாம். அக்கா அதை எழுதிவைத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான்.)

இரண்டு மாதம் முன்பாகவே கூண்டை வாங்கித் தன் கட்டில் பக்கத்தில் போட்டாள். கதவைக் கழற்றிவிட்டு உள்ளே தன் பழைய சால்வையை விரித்தாள். முதல் வாரம் வக்கீல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஆட்சேபித்தான். மூன்றாம் வாரம் உள்ளேயே தூங்க ஆரம்பித்தான்.

4

இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன். ஏழிலும் தப்பு செய்தவர் டாக்டர். ஏழாவதைப் படித்த என் மனைவி தாள்களை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க தொடர்கதையில நாலாவது வாரமே குற்றவாளியைக் காட்டிடுவீங்க. இதுல மட்டும் எதுக்கு இவ்வளவு இழுக்குறீங்க?"

சரி. காட்டுகிறேன்.

சிப் பதித்த அன்று அக்காவுக்கு வேலை மாற்ற முடியவில்லை, நான்தான் வக்கீலை அழைத்துப்போனேன். டாக்டர் முதலில் சிப் பதித்தார். ஸ்கேனர் வைத்து எண் வருகிறதா என்று பார்த்தார். பதினைந்து நிமிடம் கழித்துத் தடுப்பூசி போட்டார். வரிசை சரி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சான்றிதழ் படிவத்தில் "செய்யப்பட்டவை" என்று ஒரு கட்டம், அதில் இரண்டு வரி. டாக்டரின் கையெழுத்து அவருக்கே புரியாது. தெளிவாக இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள் என்று அக்கா எச்சரித்திருந்தாள். அதனால் கட்டத்தை நான் நிரப்புகிறேன் என்றேன். எழுதுவதுதானே என் பிழைப்பு. அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள், நீ எழுதினா நான் பாக்கவே வேணாம் என்று.

முதல் வரியில் தடுப்பூசியை எழுதினேன். இரண்டாவது வரியில் சிப்பை எழுதினேன்.

ஏன்? தூக்கக் கலக்கமில்லை, அவசரமில்லை. இருபது வருடமாக முக்கியமானதை முதல் வரியில் போட்டுப் போட்டுப் பழகிய கை. வெறிநோய், ஊசி என்றால் கனம். சிப் என்பது அரிசி அளவு. முதல் வரியில் கனமானது வந்தால்தான் படிக்கிறவன் அடுத்த வரிக்குப் போவான். அந்த அசட்டுத்தனத்தை ஒரு மருத்துவச் சான்றிதழில் செய்தேன். எழுதி முடித்து, அழகாக இருக்கிறது என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன்.

டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வெளியே பன்னிரண்டு பேர் நாயும் பூனையுமாகக் காத்திருந்தார்கள்.*

* இரண்டாவது தொடக்கத்தின் பாதி உண்மை இதுதான். மீதிப் பாதி நான்.

5

அக்கா கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அந்த நாலு வரி வந்தது. தடுப்பூசி போடப்பட்ட நேரத்தில் விலங்குக்கு அடையாளம் இல்லை, ஆகவே ஊசி போடப்பட்டது இந்த விலங்குக்குத்தான் என்று கொள்ள இயலாது, ஆகவே தடுப்பூசி செல்லாது, ஆகவே ரத்தப் பரிசோதனையும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

எனக்கு எங்கே பற்றிக்கொண்டு வந்தது தெரியுமா? ரத்தம் எடுத்தபோது சிப்பை ஸ்கேன் செய்துதான் எடுத்தார்கள். அந்த ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று அவர்கள் ஆய்வகமே எழுதிக் கொடுத்தது. ஊசி உள்ளே போயிருக்கிறது. போனது இந்த நாய்க்குள்தான். பதினொரு வருடம் ஒரே பெண்ணின் காலடியில் படுத்தவன், என் இரண்டு வரிக்கு நடுவே பதினைந்து நிமிடம் யாரோ ஆகிவிட்டான்.

டாக்டர் வரிசை சரியாகத்தான் செய்தேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டுக்குத் தாள்களை அனுப்பிவைக்கும் நம் ஊர் அலுவலகத்தின் நான்காம் கவுன்ட்டருக்கு ஓடினேன். அந்த அம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் அதே டாக்டரின் கையெழுத்து, இரண்டிலும் வேறு வேறு கதை.

"நான் உங்களை நம்புறேன் சார். நான் நம்புறது அங்க செல்லாது. முதல்ல குடுத்ததைத்தான் அவங்க வச்சுப்பாங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதலாம், ஆனால் அது அவருக்குச் சேர வேண்டிய கத்தல் இல்லை. வாரா வாரம் நூறு இடத்தில் அடித்துத் திருத்துகிறேன். போன வாரம் செத்தவனை இந்த வாரம் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவைத்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. இரண்டு வரியை மேலும் கீழும் மாற்றுவதற்கு உலகத்தில் ஆள் இல்லை.

அக்கா கத்தவில்லை. சமையலறையில் நின்றபடி கடிதத்தைப் படித்தாள். பிறகு என் கையெழுத்தில் இருந்த நகலைப் படித்தாள்.

"பத்தாயிரம் டியூப்ல லேபிள் ஒட்டியிருப்பேன்டா. ஒண்ணு மாறினதில்ல. உன்கிட்ட ஒரே ஒரு தாள் குடுத்தேன்."

அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் கிளம்பிவிட்டாள். கூண்டும் சால்வையும் வக்கீலும் என் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் டாக்ஸி நகர்ந்தபோது அவன் குரைக்கவில்லை. யாராவது கிளம்பும்போது அவனுக்கு வாதாட ஒன்றும் இருந்ததில்லை.

(வேண்டாம். கடைசி வரி வாராந்தர வரி. அழ வைப்பதற்காகப் போட்டேன். உண்மையில் அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.)

6

மறுபடி ஊசி. மறுபடி முப்பது நாள். மறுபடி ரத்தம். மறுபடி நூற்றெண்பது நாள். இந்தத் தடவை டாக்டர் பேனாவை என்னிடம் தரவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தானே வரைந்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிடுவாள். வக்கீல் தின்றானா, நடந்தானா, எத்தனை தெரு. பதில் சொல்வேன். உண்மையைச் சொல்கிறேனா என்று எதிர்க்கேள்வி கேட்டுச் சோதிப்பாள். கேட்கட்டும்.

நூற்று எழுபத்தைந்தாம் நாள் பயணத் தகுதிச் சான்றிதழுக்கு அழைத்துப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தவர் எடுக்கவே இல்லை. போன தடவை இல்லாத ஒரு சத்தம் இப்போது இருக்கிறது, இதயம் பெருத்திருக்கிறது என்றார். பதினொரு மணி நேரம், சரக்கு அறையில், தனியாக. போனால் போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம்.

"போன வருஷம்னா கண்ணை மூடிக்கிட்டு அனுப்பியிருப்பேன்," என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

இங்கே வந்தால் பயத்தில் எல்லா நாய்க்கும் மூச்சு வாங்கும், அதனால் வீட்டில் அவன் அசந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிச் சொல்லச் சொன்னார். முப்பதுக்குள் இருந்தால் கையெழுத்துப் போடுவார். தாண்டினால் மாட்டார்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: எண் இருபத்து நான்கு. விமான நிலையம், நாய், தாவல், அரைப் பக்கப் படம். ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கு வாந்தி வருகிறது.

இரண்டாவது முடிவு: எண் நாற்பது. அக்காவிடம் இருபத்தெட்டு என்று சொல்லிவிடுகிறேன். கூண்டு விமானத்தில் ஏறுகிறது. அங்கே கதவைத் திறக்கும்போது—

மூன்றாவது முடிவு: எண் இருபத்தெட்டு. பயந்துபோய் நாற்பது என்று சொல்லி அவனை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். அக்கா அங்கே, அவன் இங்கே, நான் நல்லவன்.

கடைசி இரண்டையும் எழுதியது கதைக்காக அல்ல. இரண்டும் என் மண்டைக்குள் நிஜமாகவே ஓடின. அதனால்தான் எண்ணுவதற்கு முன்பே அக்காவைக் கூப்பிட்டேன். அன்று ஞாயிறு இல்லை, மத்தியானம். எடுத்ததுமே அவன் இருக்கிறானா என்றுதான் கேட்டாள். டாக்டர் சொன்னதை, சொன்ன வரிசையில், ஒன்றும் விடாமல் சொன்னேன். அக்கா ஆய்வகக் குரலில் பேசினாள்.

"இப்ப தூங்குறானா?"

"தூங்குறான்."

"நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. ஒரு முழு நிமிஷம் எண்ணு. பதினஞ்சு செகண்ட் எண்ணிட்டு நாலால பெருக்காத."

"சரிக்கா."

"முப்பதுக்குள்ள இருந்தா அனுப்பு. என்ன ஆனாலும் நான் ஏத்துக்கிறேன். தாண்டினா நான் கிளம்பி வர்றேன்."

வேலை என்றேன். எட்டு வருடம் என்றேன்.

"எண்ணுடா."

போனைத் தரையில் வைத்துவிட்டுக் கூண்டுக்கு முன்னால் குப்புறப் படுத்தேன். சால்வையின் மேல் வக்கீல், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி. கடிகாரத்தை அவன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். முள் பன்னிரண்டைத் தொட்டதும் ஆரம்பித்தேன். மறுமுனையில் அக்கா மூச்சே விடவில்லை.

எண்ணி முடித்தேன். வந்த எண்ணை வந்தபடி அவளிடம் சொன்னேன்.

உங்களிடம் சொல்லமாட்டேன். அந்த எண் அவளுடையது. ஆசிரியர் கேட்டுப் பார்த்தார், அவருக்கும் சொல்லவில்லை. முடிவில்லாமல் கதை போட முடியாது என்றார். அப்படியானால் படத்தை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆளுக்கொரு எண்ணைப் போட்டு எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள். முப்பதுக்குக் கீழே போட்டால் ஒரு கிழட்டு நாயை இருட்டறையில் பதினொரு மணி நேரம் ஏற்றுகிறீர்கள். மேலே போட்டால் ஒரு பெண்ணின் எட்டு வருடத்தைத் திருப்பி அனுப்புகிறீர்கள். எதைப் போட்டாலும் சரி, ஒரு முழு நிமிடம் எண்ணிவிட்டுப் போடுங்கள்.