பார்க்கலாம் டிக்கெட்

என் மகள் குழலிக்கு ஏழு வயது ஆவதற்காகத் தீம் பார்க்குக்குப் போனோம்.

ஆறு வயது வரை வீட்டிலேயே ஆகிக்கொள்ளலாம். ஒரு கேக், நாலு பலூன், பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு, முடிந்தது வேலை. ஏழுக்கு அப்படி முடியாது. பிறந்தநாளன்று தீம் பார்க் ராட்டினத்தில் ஏறி ஒரு முழுச் சுற்று சுற்றி இறங்க வேண்டும். இறங்கினால் ஏழு. ஏறாவிட்டால் அடுத்த பிறந்தநாள் வரை ஆறுதான். மாலை ஆறு மணிக்குப் பார்க்கை மூடிவிடுவார்கள்.

எதிர் வீட்டு ரெஜினாவுக்குப் போன மாதமே ஏழு ஆகிவிட்டது. ஏழு வயதுக்காரர்கள் ஆறு வயதுக்காரர்களோடு விளையாட மாட்டார்கள். குழலி மூன்று வாரமாக மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து தாயம் ஆடுகிறாள். இரண்டு பக்கத்துக்கும் அவளே காய் நகர்த்துகிறாள்.

"ரொம்ப ஆசை காட்டாதீங்க," என்றாள் என் மனைவி உமையாள், நாங்கள் கிளம்பும்போது. "போன தடவ மாதிரி ஆயிடப் போவுது."

போன தடவை மிருகக்காட்சி சாலை. சிங்கம் இருக்கும் என்று சத்தியம் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனேன். சிங்கம் மருத்துவ விடுப்பில் இருந்தது. கூண்டில் தொங்கிய விடுப்பு விண்ணப்பத்தைக் குழலி இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு எந்த வாக்கும் கொடுப்பதில்லை. எது கேட்டாலும் "பாக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். சைக்கிளா, பாக்கலாம். நாய்க்குட்டியா, பாக்கலாம். அதில் பொய்யும் கிடையாது, ஏமாற்றமும் கிடையாது. பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான வார்த்தை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பேருந்தில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"ஜெயண்ட் வீல் பெருசா இருக்குமாப்பா?"

"சுமாராத்தான் இருக்கும்."

"மேலேருந்து நம்ம வீடு தெரியுமா?"

"தெரியாது. மேகமா இருக்கும்."

"சரிப்பா," என்றாள். ஒரு மணி நேரம் இப்படியே போனது. இறங்கும்போது அவள் எதுவும் கேட்காமல் இருந்தாள். பொறுப்பான அப்பாவாக இருப்பதாக எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

வாசலில் ஒரு பலகை இருந்தது. "வெளி உணவுக்கும் வெளி எதிர்பார்ப்புக்கும் அனுமதி இல்லை." செக்யூரிட்டி அம்மா எங்கள் எலுமிச்சைச் சாதத்தை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு குழலியின் கவுனைத் தொட்டுப் பார்த்தார்.

"பாப்பாகிட்ட கொஞ்சம் இருக்கு சார்."

"இருக்காதும்மா. பஸ்லயே எல்லாத்தையும் காலி பண்ணிட்டுத்தான் கூட்டிட்டு வரேன்."

"இருக்கு சார். லேசா. பரவால்ல, கையிலயே மூடி வெச்சுக்கட்டும். யாருக்கும் காட்டாம இருந்தா போதும்."

குழலி வலது கையை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை இடது கையால்தான் பிடித்தாள்.

டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். சட்டையில் பிலோமினா என்று எழுதியிருந்தது.

"பேரு?"

"மாசிலாமணி."

"ஜெயண்ட் வீல்ல ஏறுவீங்களா?"

"பாக்கலாம்."

அவர் தலையைத் தூக்கினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். ஏறுவீங்களா?"

"பாக்கலாம்மா. மொதல்ல உள்ள போவோம்."

"மூணு தடவ கேக்கணும்னு ரூல் சார். ஏறுவீங்களா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அதான் பாக்கலாம்னு சொல்றேன்ல."

அவர் ஒரு முத்திரை குத்தினார். அந்த நேரம் பார்த்து என் குடை நழுவிக் கீழே விழுந்தது. நான் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தபோது பிலோமினா குழலியிடம் ஏதோ கேட்டார். குழலி எக்கி நின்று, கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். இன்னொரு முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து, கொடுத்த இரண்டு டிக்கெட்டையும் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ராட்டினம் உள்ளே எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது. வழிப்பலகையில் இருநூறு மீட்டர் என்று போட்டிருந்தது. நடந்தோம். அடுத்த பலகையில் முந்நூற்றைம்பது மீட்டர். இன்னும் வேகமாக நடந்தோம். அறுநூறு மீட்டர். நாலாவது பலகையில் "எதிர்பார்க்காமல் நடக்கவும்" என்று எழுதியிருந்தது.

அதனால் உமையாளின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தோம். எந்தத் தைலம் நல்லது என்று பேசி முடிப்பதற்குள் ராட்டினத்தில் முட்டிக்கொண்டோம். மணி ஒன்று.

ராட்டினக்காரர் ஒல்லியாக இருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. நான் பையிலிருந்து மேலே இருந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

"இது பார்க்கலாம் டிக்கெட் சார்."

"அப்படின்னா?"

"பார்க்கலாம். ஏற முடியாது."

டிக்கெட்டில் பெரிய எழுத்தில் "பார்க்கலாம்" என்று அச்சாகியிருந்தது.

"நான் சொன்ன பாக்கலாம் வேற பாக்கலாம்ங்க."

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க," என்று அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். அங்கே ஒரு நீளமான பெஞ்சு இருந்தது. அதில் அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எனக்குத் தலையசைத்தார். அவர் காலடியில் ஒரு பக்கெட், சோப்பு டப்பா, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் இருந்தன.

"அப்பா," என்று குழலி என் சட்டையை இழுத்தாள்.

"இரும்மா. அப்பா பேசிக்கிட்டிருக்கேன்ல."

டிக்கெட் மாற்றும் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அதற்கு வரிசை. கம்பி கட்டி வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். அந்தப் பார்க்கிலேயே கூட்டம் அதிகமான விளையாட்டு அந்த வரிசைதான் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஜனங்கள் இரண்டு கையையும் தூக்கிக் கூச்சல் போட்டார்கள். ஒரு பெண்மணி மயக்கம் வருகிறதென்று பாதியில் இறங்கிக்கொண்டார். கடைசி வளைவில் எங்களைப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்பா, அந்த டிக்கெட்டு..."

"இரும்மா குழலி. அதுக்குத்தானே உயிரக் குடுத்துக்கிட்டு நிக்கிறேன்."

உள்ளே போகும்போது மணி நாலே கால். அதிகாரி கரடி வேஷத்தில் இருந்தார். மேஜை மேல் தொப்பி போட்ட பேனா ஒன்றும் தேன் பாட்டில் ஒன்றும் இருந்தன. எனக்கு மனுஷ முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் போலிருந்தது.

"தலையக் கொஞ்சம் கழட்டுறீங்களா சார்?"

"கழட்டினா கையெழுத்துப் போடுற அதிகாரம் போயிடும்," என்றார் கரடி. "உக்காருங்க."

அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. "நீல நிறக் கவுன் அணிந்த, கார்குழலி என்ற ஆறு வயதுக் குழந்தை இன்னும் ஆறு வயதிலேயே இருக்கிறார். குழந்தையின் தந்தை எங்கிருந்தாலும் விரைந்து செயல்படும்படி கேட்டுக்கொள்கிறோம்."

குழலி தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்கள். எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

கரடி ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது.

"பாப்பாவுக்கு இன்னைக்கு என்ன செய்யப் போறீங்கன்னு எழுதுங்க. 'லாம்' வரக்கூடாது."

"இவ்ளோதானா?" என்று பேனாவை எடுத்தேன். "குழலியை ராட்டினத்தில் ஏற்றலாம்" என்று எழுதினேன்.

கரடி அதைக் கோடு போட்டு அடித்தார். வேறு படிவம் கொடுத்தார்.

"குழலியை ராட்டினத்தில் ஏற்ற முயற்சி செய்வேன்."

"முயற்சி வேணாம் சார்."

"எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஏற்றுவேன்."

"நடந்தா எதுக்கு?"

"நடக்கலன்னா?"

கரடி அடுத்த படிவத்தைக் கொடுத்தார். இப்படியே பதினாறு படிவம் போனது. "இறைவன் சித்தம்" என்று ஒன்றில் எழுதினேன். அது வேறு துறை என்றார். "கண்டிப்பாக ஏற்றுவேன் என்று நினைக்கிறேன்" என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தேன் சாப்பிட்டார்.

"சார், ஒரே வார்த்த. ஏற்றுவேன். அத எழுதிக் குடுங்க, ஒடனே மாத்தித் தரேன்."

எழுத உட்கார்ந்தேன். "ஏற்று" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் கை போகவில்லை. அந்தக் கூண்டு ஞாபகம் வந்தது, விண்ணப்பத்தை இரண்டு முறை படித்த அந்த முகம் ஞாபகம் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வெளிப்படையாகச் சொல்வதானால், அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"கரண்ட் போயிட்டா என்ன சார் பண்றது?" என்று கத்தினேன். "மழை வந்தா? செயின் அறுந்தா? பெத்த பொண்ணுகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். படிவத்துல ஒரு கோடுதான் இருக்கு," என்றார் கரடி. குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

மணி ஐந்தே முக்கால். குழலி மூன்றாவது முறையாக என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா."

"இரும்மான்னா இருக்க மாட்டியா?"

கரடி கையை நீட்டினார். "சரி, மாத்த வேண்டிய டிக்கெட்டையாவது குடுங்க. பாத்துட்டு என்ன பண்றதுன்னு சொல்றேன்."

பையில் கையை விட்டு இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன். கரடி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எதை சார் மாத்தணும்?"

ஒன்றில் "பார்க்கலாம்" என்று இருந்தது. இன்னொன்றில் "ஏறணும்" என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் கார்குழலி என்று போட்டிருந்தது.

நான் குழலியைத் திரும்பிப் பார்த்தேன். "ஏம்மா சொல்லல?"

"மூணு தடவ கூப்ட்டேன்ப்பா. இரும்மான்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தனக்கென்று டிக்கெட் இருந்தும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தவள் அவள். மேஜையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் வாரி எடுத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். ஓட வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு வெளியே ராட்டினம் நின்றது.

ராட்டினக்காரர் அவள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டார். "செருப்பு கீழ," என்றார். குழலி செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் வலது கையைத் திறந்தாள். உள்ளங்கை சிவந்து, நகம் பதிந்திருந்தது.

விசில் ஊதினார்கள். ராட்டினம் சுற்றியது. மேலே போனாள், உச்சியில் ஒரு புள்ளியானாள், இறங்கி வந்தாள். விழுந்திருந்த முன்பல் முளைத்திருந்தது. ஏழு.

"நிறுத்துங்க," என்றேன். "ஒரு சுத்துதான்."

"ஏறினவங்க சொல்லணும் சார்."

"இன்னொரு சுத்துப்பா," என்று சொல்லிக்கொண்டே குழலி என்னைக் கடந்து போனாள். அடுத்த முறை வந்தபோது எட்டு. கவுன் முழங்காலுக்கு ஏறியிருந்தது. ஒன்பதில் இரட்டைப் பின்னல் போய் ஒற்றைப் பின்னல் வந்தது.

"அப்பா, நம்ம வீடு தெரியுது," என்று மேலேயிருந்து கூப்பிட்டாள். "மேகமே இல்ல."

நான் கை அசைத்தேன். மணி ஆறாக இரண்டு நிமிடம் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் இரண்டு நிமிடம்தான் இருந்தது. பதினொன்று. பதிமூன்று. பதினாறு வயதில் கண்ணாடி போட்டிருந்தாள். எந்தக் கண் மருத்துவரிடம் காட்டினாள் என்று எனக்குத் தெரியாது. கூட யார் போனார்கள் என்றும் தெரியாது. பத்தொன்பதில் அவள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டு போனாள்.

"போதும் குழலி," என்றேன். "எறங்கும்மா. நேரமாச்சு. அம்மா காத்துக்கிட்டிருப்பா. வீட்டுக்குப் போலாமா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துக் கீழே என்னைப் பார்த்தாள். முகத்தில் அன்பு இருந்தது. என் மனசு உடைந்துவிடக் கூடாது என்கிற அக்கறையும் இருந்தது.

"பாக்கலாம்ப்பா," என்றாள்.

பெட்டி மேலே போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பக்கெட் வைத்திருந்தவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் போய் உட்கார்ந்தேன். அந்தச் சின்னச் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். அதற்கு என்னிடம் டிக்கெட் இருந்தது.