ஏரியை ஒரு சுற்று

பேசில் கிள்ளான் ரயில் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. வயது முப்பத்தொன்று. இதுவரை மூன்று வீடுகளில் பெண் பார்த்தாகிவிட்டது. மூன்று வீட்டாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பையன் வாயே திறக்கவில்லை என்பதுதான் குறை. அந்தச் செய்தி ஒவ்வொரு முறையும் அவன் வீடு திரும்புவதற்குள் மாதா கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தது. நான்காவதாக ஒருத்தியும் மறுத்தால் ஈப்போவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விடுவது என்று இருந்தான். விண்ணப்பம்கூட எழுதி வைத்திருந்தான்.

இந்தத் தடவை பிரிக்பீல்ட்ஸ் கோயில் உபதேசியார் பெண் பார்ப்பதைக் கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் வைத்தார். அது அவருடைய வழக்கமான ஏற்பாடு. ரயில்வே குடியிருப்பில் ஒரு மாப்பிள்ளை காலடி வைத்தால் இருபது சன்னல்கள் திறக்கும். பூங்காவில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு குடும்பங்கள் தற்செயலாகச் சந்தித்ததாகப் பெயர். அங்கே கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது. பெயர் கேட்கக்கூடாது, ஊரும் கேட்கக்கூடாது. எல்லாரும் சேர்ந்து ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். முடிவில் மாப்பிள்ளை வீட்டார் ரயிலுக்கு நேரமாச்சு என்றால் பிடிக்கவில்லை. இன்னொரு சுற்று நடக்கலாமே என்றால் பிடித்திருக்கிறது. பெண்ணின் அப்பாவும் கூட நடந்தால் அதுவே வாக்கு. அடுத்த ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்துவிடுவார்கள். இரண்டாவது சுற்று நடந்தபின் எந்த வீட்டாரும் பின்வாங்கியதில்லை. ஒத்துவராவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று கணக்கு. இந்த ஏற்பாட்டில் உபதேசியாருக்கு ரொம்பப் பெருமை.

அடையாளமும் அவரே சொல்லிவிடுவார். பெண்ணுக்கு நீலச் சேலை, அப்பா கையில் கறுப்புக் குடை, படகுத்துறை, நாலரை மணி. கூட வந்த கேத்தரின் அத்தை ரயிலை நம்பாதவள். பேசிலை நாலு மணிக்கே கொண்டுவந்து படகுத்துறையில் நிறுத்திவிட்டாள். அங்கே நீலச் சேலையும் கறுப்புக் குடையும் தயாராக நின்றன.

"காத்தாட வந்தீங்களாண்ணே?" என்றாள் அத்தை.

"ஆமாம்மா. நீங்களும் அதுக்குத்தானே? வாங்க, சேந்தே நடப்போம்," என்றார் குடைக்காரர்.

பெரியவர்கள் இருவரும் பத்தடி முன்னால் நடந்தார்கள். பேசக்கூடியது பூங்கா ஒன்றுதான் என்பதால் அதையே பேசினார்கள். இது தானாக வந்த ஏரி இல்லை, வெட்டின ஏரி என்றார் குடைக்காரர். அத்தை அதை மூன்று முறை ஒப்புக்கொண்டாள். எதிரே இரண்டு வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வந்தபோது எல்லாரும் புல்லில் இறங்கி நின்று, பிறகு ஏறினார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்து, போன வாரமும் நீலச் சேலைதான் என்று பேசிக்கொண்டார்கள்.

பேசில் ரயிலில் மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தான். அதில் ஒன்றை எடுத்தான்.

"தண்ணி பச்சையா இருக்கு."

"ஆமா," என்றாள் அவள்.

மற்ற இரண்டும் அவனுக்கு மறந்துபோயின. கால்வாசி ஏரி தாண்டியதும் ஈப்போவில் வாடகை எவ்வளவு இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தான். அப்போது அவள் முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

"அங்சானா மரத்தடியில பெஞ்சுல ஒருத்தர் வெள்ளைத் தொப்பி போட்டு உக்காந்திருக்காரு. பாக்காதீங்க."

பேசில் பார்த்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருப்பவரைப் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"அவருதான் நாலு மணிக்கு என்னைப் பாக்க வரவேண்டியவரு. மேரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில டிரஸ்ஸர். எங்கக்கா வீட்டுக்குப் போனப்ப எனக்கு ஊசி போட்டிருக்காரு. பொண்டாட்டி செத்து எட்டு மாசம் ஆச்சு. எங்கப்பா அவரைப் பாத்ததில்ல. உபதேசியார் சொன்ன அடையாளந்தான் தெரியும்."

"அப்ப நான்?"

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

பேசிலுக்கு மெல்ல விளங்கியது. உபதேசியார் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேருக்கு ஏற்பாடு செய்து, இருவருக்கும் ஒரே அடையாளத்தைக் கொடுத்திருந்தார். டிரஸ்ஸரோ, நடந்துகொண்டிருக்கும் குடும்பத்தை நிறுத்தி விசாரிப்பது மரியாதை இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

"முன்னால போறவங்ககிட்ட சொல்லிடட்டுமா?"

"சொன்னா நான் அந்த பெஞ்சுக்குப் போகணும்," என்றாள். "எனக்குப் பிடிக்கலன்னு வீட்டுல சொல்லிப் பாத்துட்டேன். யாரும் கேக்கல. சொல்லியே ஆகணும்னா சொல்லுங்க. என் பேரு டோரிஸ்."

ஏற்பாட்டின் விதியை அவள் சாதாரணமாக மீறிவிட்டாள். எந்தப் பெண்ணும் பேசிலிடம் இவ்வளவு பேசியதில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

படகுத்துறை நெருங்கியது. சுற்று முடிந்தது. அத்தை பையனின் முகத்தைப் படிக்க முயன்று, தோற்று, எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"இன்னொரு சுத்து நடக்கலாமே," என்றான் பேசில். தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொல்லிவிட்டான்.

குடைக்காரர் மகளைப் பார்த்தார். மகள் ஏரியைப் பார்த்தாள். "நடக்கலாமே தம்பி," என்றார் அவர். அத்தை கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே அவருடன் முன்னால் போனாள்.

டோரிஸும் அவனும் பின்னால் புறப்பட்டபோது படகுத்துறையில் இன்னொரு கறுப்புக் குடை நின்றது. பக்கத்தில் நீலச் சேலை. மணி நாலரை. அந்தப் பெண் ஒல்லியாக இருந்தாள். அதிகமாகப் பவுடர் பூசியிருந்தாள். புதுச் செருப்பு கடித்ததோ என்னவோ, ஒரு காலை ஊன்றாமல் நின்றாள். அவளுடைய அப்பா பேசிலை மேலும் கீழும் பார்த்தார். விதிப்படி கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"தம்பி, கிள்ளான்லேருந்து வரீங்களா?"

பேசில் நின்றான். டோரிஸ் நிற்கவில்லை, இரண்டடி தள்ளிப் போய்த்தான் நின்றாள். திரும்பவில்லை.

"இல்லீங்க," என்றான்.

"மன்னிச்சுக்குங்க. வேற ஆளுன்னு நெனச்சிட்டேன்," என்று அவர் வழிவிட்டார். வெயில் படாமல் குடையை மகள் பக்கம் சாய்த்தார். "வந்துருவாங்கம்மா. கிள்ளான் ரயில் எப்பவும் லேட்டுதான்."

அன்றைக்கு ரயில் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. பேசிலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டோரிஸ் நின்ற இடத்துக்குப் போய் அவளோடு நடந்தான்.